ஒற்றை ரிங் டீம்

சின்னக் கல்லூரியில் பி.டி. டீச்சர் வேலை என்பது பந்துக்குக் காற்றடிப்பது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு சரிபார்ப்பது, ஆண்டு விழாவில் கூட்டத்தை வரிசையாக உட்கார வைப்பது எல்லாம் போக, மிச்சமிருக்கும் நேரத்தில் விளையாட்டும் சொல்லிக் கொடுப்பது. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு என்னைப் போலவே காலம் தள்ளும் சக அப்பாவிகளுக்கு இது புதிதல்ல. ஸ்டாஃப் ரூமில் யாராவது, "உங்களுக்கென்ன, விளையாட்டுதானே வேலை" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்போம்.

நான் இருப்பது ஒக்கலிபுரத்தில். வேலை பார்ப்பது நீலசந்திராவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில். இந்த வருடம் எங்கள் பாஸ்கெட்பால் சீசன் முடிந்து மூன்று சீனியர்கள் போய்விட்டார்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. யாரிடமாவது புலம்ப வேண்டும், நீங்கள் கிடைத்தீர்கள்.

காருக்கு நிழல்

எங்கள் கோர்ட்டில் ஒரு ரிங்தான் உண்டு. முன்பு இரண்டு பக்கமும் இருந்தது. நிர்வாகக் குழுச் செயலாளரின் கார் வெயிலில் நின்று சூடாகிறது என்று ஒரு கோடை விடுமுறையில் கேட் பக்கத்து ரிங்கைக் கம்பத்தோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். லீவு முடிந்து நான் வந்து பார்த்தால் ஃப்ரீ த்ரோ கோட்டின் மேல் கார் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் பெண்கள் பாதிக் கோர்ட்டில்தான் விளையாடுகிறார்கள். பந்து கொட்டகைப் பக்கம் உருண்டால் வாட்ச்மேன் ஓடி வந்து காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருட ஆரம்பத்தில் அந்தப் பாதிக்கும் கேடு வந்தது. மாணவிகளின் ஸ்கூட்டர்களை நிறுத்த இடம் போதவில்லை, கோர்ட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று மீட்டிங்கில் பேசிவிட்டார்கள். நான் பிரின்ஸிபல் அறைக்குப் போய் மூச்சு விடாமல் சண்டை போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். இன்டர் காலேஜ் போட்டியில் நாங்கள் இதுவரை கால் இறுதியைத் தாண்டியதே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"செமி ஃபைனல் போயிட்டீங்கன்னா கோர்ட் இருக்கட்டும் மேடம். போகலைன்னா விடுங்க, வண்டிங்களாவது நல்லா இருக்கட்டும்."

நெட்டைப் பெண்

டீமில் இருந்ததே ஐந்து பேர். அதில் மூன்று பேர் கடைசி வருடம். கேப்டன் ஷெர்லி, கண்டோன்மென்ட் பக்கம் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கோர்ட்டுக்கு வந்துவிடுவாள். நஸ்ரீன் நீலசந்திராதான், கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும்படி ஓடுவாள். மூன்றாவது காயத்ரி. பொம்மசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். லைப்ரரியில் மேல் தட்டுப் புத்தகத்தை ஸ்டூல் போடாமல் எடுத்துக்கொண்டிருந்த அன்றே அவளைப் பிடித்துவிட்டேன்.

காயத்ரியின் அம்மா ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, குடும்பம் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தது. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியெல்லாம் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"புள்ள ஏற்கெனவே நெட்டையா இருக்குது, எங்க போயி மாப்ள தேடறதுன்னு நாங்க கவலைல இருக்கறோம். நீங்க வேற தெனமும் அத எகிறி எகிறிக் குதிக்க வெக்கறீங்களே மேடம், இன்னும் வளந்துட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

ஜெபம் அல்ல

பாஸ்கெட்பாலில் பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் பக்கம் மாற வேண்டும். முதல் பாதியில் எந்த ரிங்கில் போட்டோமோ, அது இரண்டாம் பாதியில் எதிரியுடையது. இது குழந்தைக்கும் தெரியும். எங்கள் பெண்களுக்கும் தெரியும், தலையில். காலுக்குத் தெரியாது. தினமும் ஒரே ரிங்கைப் பார்த்து ஓடிய கால், இடைவேளை முடிந்ததும் பழைய ரிங்குக்கே கிளம்பிவிடும்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இடைவேளை முடியும் நேரத்தில் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைப்பேன். ஒவ்வொருத்தியின் தோளையும் இரண்டு கையால் பிடித்து, புது ரிங் பக்கம் முழுசாகத் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒழுங்காக ஓடுவார்கள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மற்ற டீம்கள் கையைக் கோத்துக்கொண்டு கத்துவார்கள், எங்கள் டீம் மட்டும் அமைதியாக நின்று தோளைக் கொடுக்கும். சீசன் நடுவில் ஒரு மேட்ச் ஜெயித்துவிட்டு வெளியே வரும்போது, தோற்ற டீமின் கோச் தனியாக என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அந்த ஹாஃப் டைம் ப்ரேயர் எந்த சர்ச்சுல சொல்லிக் குடுக்கறாங்க?"

ஆள் பிடிப்பு

சீனியர்கள் போய்விட்டால் டீமில் இரண்டு பேர்தான் மிச்சம் என்பதால், முதல் வருட வகுப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஷெர்லியும் கூடவே வந்து, டீமில் சேர்ந்தால் உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, கேன்டீனில் கொஞ்சம் மரியாதை உண்டு என்றெல்லாம் எடுத்துச் சொன்னாள். பி.காம். வகுப்பில் ஒரு பெண் மிகுந்த ஆர்வத்தோடு கை தூக்கினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"வெளையாடினா வேர்க்குமா மேடம்?"

இன்டர்வியூ

எப்படியோ கால் இறுதி வரை வந்துவிட்டோம். இதில் ஜெயித்தால் செமி ஃபைனல், கோர்ட் எங்களுக்கு. சரியாக அதே நாள் காலையில் கேம்பஸ் இன்டர்வியூ வைத்தார் காமர்ஸ் சார். வேறு நாள் மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். கம்பெனிக்காரர்கள் பாஸ்கெட்பால் காலண்டர் பார்த்தா வருகிறார்கள் என்று கேட்டார். காயத்ரி இல்லாமல் போனால் எங்கள் டீம் நான்கு குட்டைப் பெண்கள்.

அவள் வந்துவிட்டாள். மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கி, இஸ்திரி போட்ட சட்டையை ஓடிக்கொண்டே கழற்றினாள், உள்ளே ஜெர்சி. காமர்ஸ் சார் போன் பண்ணி என்னைத் திட்டித் தீர்த்தார்.

"வேலை வேணுமா, மேட்ச் வேணுமான்னு கேட்டாங்க மேடம், 'சீக்கிரம் விட்டீங்கன்னா ரெண்டும் சார்'ங்கறா. எல்லாம் நீங்க குடுக்கற தைரியம்தான், அதுல அந்தக் கம்பெனிக்காரங்க அவளை வேலைக்கு எடுத்தும் தொலைச்சிட்டாங்க."

சால்வை

அந்த மேட்ச் ஒரு பெரிய கல்லூரியின் மைதானத்தில். அங்கே கேலரி, ஸ்கோர் போர்டு, இரண்டு பக்கமும் ரிங், எல்லாம் உண்டு. முதல் பாதி முடிந்தபோது நாங்கள் முன்னால் இருந்தோம். அப்போதுதான் எங்கள் செயலாளர் வந்து சேர்ந்தார். கூடவே போட்டோகிராபர், சால்வை, மாலை. ஜெயிக்கப் போகிறோம் என்று யாரோ அவருக்கு போனில் சொல்லிவிட்டார்கள்.

இப்போதே மரியாதை செய்துவிடலாம், அப்புறம் அவருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றார். மேட்ச் முடியட்டும் சார் என்றேன். ஒரு நிமிஷம்தான் மேடம் என்றார். போட்டோகிராபர் வெளிச்சம் பார்த்துப் பெண்களை நிறுத்தினார். எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினார் என்று கேட்காதீர்கள். எனக்குச் சால்வை போர்த்தி, அது சரிந்து, மறுபடி போர்த்தி, இன்னொரு போட்டோ எடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். பெண்கள் அப்படியே கோர்ட்டுக்குள் ஓடினார்கள். நான் யாரையும் திருப்பி விடவில்லை.

நஸ்ரீன் பந்தை உள்ளே எறிந்தாள். ஷெர்லி வாங்கினாள். நான் மாலைக்குள்ளிருந்து கத்தியது அவள் காதில் விழவில்லை. பழைய ரிங்கைப் பார்த்து ஒரு ஓட்டம் ஓடினாள் பாருங்கள், மூன்று வருடத்தில் அவ்வளவு அழகாக ஓடியதில்லை. காயத்ரியும் விசுவாசமாகப் பின்னாலேயே ஓடினாள், பந்து தவறினால் பிடிக்கலாம் என்று. எதிர் டீம் பெண்கள் ஒன்றும் புரியாமல் விலகி வழி விட்டார்கள். பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் உள்ளே இறங்கியது. எதிரி போட வேண்டிய ரிங்கில் நாங்களே போட்டுக் கொடுத்துவிட்டோம், இரண்டு பாயிண்ட் அவர்களுக்கு. மைதானமே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்க, எங்கள் செயலாளர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"நம்ம பொண்ணுதானே போட்டா, ஏன் மேடம் யாரும் கை தட்ட மாட்டேங்கறாங்க?"

ஒரு பாயிண்ட்

ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். அந்தக் கூடை மட்டும் இல்லையென்றால் ஜெயித்திருப்போம் என்பதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை. ஷெர்லி டவலைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காயத்ரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சால்வையை எங்கே எறிவது என்றுகூடத் தெரியவில்லை.

செயலாளர் கல்யாணத்துக்குப் போகாமல் நின்றுவிட்டார். பெரிய கல்லூரியின் தலைவர் டீ கொடுத்துக்கொண்டே, உங்கள் கேப்டன் எங்களுக்கும் சேர்த்து விளையாடினாள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எங்கள் செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. நேராக ஷெர்லியிடம் போய், மூன்று வருஷம் விளையாடி எந்த ரிங் நம்முடையது என்றுகூடவா தெரியாது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் டவலை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"நம்ம காலேஜ்ல ஒரு ரிங்தான் சார் இருக்கு. இன்னொரு ரிங் இருந்த எடத்துல உங்க கார் நிக்குது."

திறப்பு விழா

அதற்கப்புறம் வேலை நடந்த வேகத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. தகரக் கொட்டகை போய்விட்டது. புதுக் கம்பம், புதுப் போர்டு, வெள்ளை வெளேரென்று வலை. ஸ்கூட்டர் பேச்சையே காணோம். செயலாளர் வந்து ரிப்பன் வெட்டி, பந்தைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். கம்பத்தில் அவர் பெயர் பொறித்த பலகையும் உண்டு. அவருடைய கார் இப்போது என் ஸ்போர்ட்ஸ் ரூம் வாசலில் நிற்கிறது, கதவு பாதிதான் திறக்கிறது, நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைகிறேன். கோர்ட் பிழைத்த சந்தோஷத்தில் அதையும் பொறுத்துக்கொண்டேன். பிரின்ஸிபல் மட்டும் ரிப்பன் துண்டைக் கையில் சுருட்டியபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்படித் தோத்தாத்தான் குடுப்பாங்கன்னா நம்ம மொதல் வருஷமே இப்படித் தோத்திருக்கலாமே மேடம்."

கடைசியாக ஒரு தடவை

சீனியர்களுக்கு வழியனுப்பு விழா. மூன்று பேரும் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் ஹாலிலிருந்து நழுவி, செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கோர்ட்டில் நின்றார்கள். புது ரிங்கில் ஒருத்திக்கும் விழவில்லை. ஷெர்லி போட்டது போர்டில் பட்டுத் தெறித்தது, காயத்ரி போட்டது போர்டையே தொடவில்லை. நமக்காக வந்த ரிங் இல்லை மேடம் இது என்று காயத்ரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருடம் கேட்டேன், எத்தனை பேரிடம் கேட்டேன், இந்தப் பெண்கள் விளையாடி முடித்துப் போகிற நேரத்திலா இது இங்கே வந்து நிற்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

நேரமாகிறது, கிளம்புங்கள் என்று நான்தான் விரட்டினேன். அவர்கள் கிளம்பவில்லை. கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய ரிங்கைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் ஷெர்லி, அப்புறம் காயத்ரி, எட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் கேட் பக்கம் திருப்பி முதுகில் தட்டினேன். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. நஸ்ரீனிடம் வந்ததும், போதும், நீயாகத் திரும்பிப் போடி என்றேன். அவள் அசையவில்லை.

"திருப்பி விடுங்க மேடம். இல்லன்னா பழக்கத்துல திங்கக்கெழம காலைல மறுபடி இங்கயேதான் வந்து நிப்போம்."

இப்போது எங்கள் கோர்ட்டில் இரண்டு ரிங் இருக்கின்றன, டீமில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொன்று என்று வைத்துக்கொண்டால் எங்கள் கல்லூரியில் விளையாட்டு வசதிக்கு ஒரு குறையும் இல்லை.