பட்டுக்கோட்டையில் எடுத்த சிங்கப்பூர் படங்கள்

நான் சிங்கப்பூருக்குப் போனதில்லை. ஆனால் அங்கே காலை பத்து மணிக்கு, தண்ணீர் துப்பும் அந்தச் சிங்கத்தலைச் சிலையின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மூன்று கோபுரங்களின் உச்சியில் கப்பலை ஏற்றி வைத்த மாதிரி நிற்கும் ஓட்டல், வெள்ளைக்காரர் காலத்துத் தூண் கட்டடங்கள், பூக்களுக்காகவே குளிரூட்டிய கண்ணாடித் தோட்டம், கடைத்தெருவில் நிற்கும் மாரியம்மன் கோயில் எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு அது தொழில் சரக்கு. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள், கையோடு சிங்கத்தின் முன்னால் நிற்கிற மாதிரியும் ஒன்று போடச் சொல்வார்கள். வெறும் விளையாட்டு. நான் போன சுற்றுலா என்றால், கல்யாண ஜோடிகளைப் படமெடுக்கத் தாராசுரம் வரை போனதுதான்.

விளையாட்டுக்கு இல்லாமல் வந்தவன் ஒரே ஒருவன். பக்கத்துக் கிராமம், குத்தகை நிலத்தில் நெல் போடுகிற குடும்பம். மனைவியின் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறக் கிளம்பியவன், சென்னையில் வைத்துத்தான் விசா போலி என்று தெரிந்துகொண்டான். சொந்தபந்தமெல்லாம் திருநீறு பூசி வழியனுப்பிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது? நேராக வேதாரண்யம் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரிடமோ அந்த நாட்டுப் பழைய சிம் ஒன்றை வாங்கி, அந்த எண்ணில் வாட்ஸ்அப் வைத்து வீட்டோடு பேசினான். அறையில் பத்துப் பேர் இருப்பதால் வீடியோ கால் முடியாது என்று சொல்லி வைத்திருந்தான்.

"ஆறு மாசம் போதும்ண்ணே. நகையத் திருப்புற அளவுக்குச் சேத்துட்டேன்னா நானே போயி உண்மையச் சொல்லிருவேன். அதுவரைக்கும் போட்டோ மட்டும் போட்டுக் குடுங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கிண்டலுக்குப் போடுகிற படத்தில் தலைமுடி ஓரம் பிசிறடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இவன் படத்தில் பிசிறு தெரிந்தால் ஒரு குடும்பமே கண்டுபிடித்துவிடும். அந்தச் சவால் எனக்குப் பிடித்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று சட்டைகளோடு வருவான். உச்சி வெயில் படம் என்றால் விளக்கை உயரத்தில் கட்டி நிழலைக் காலடியிலேயே விழ வைப்பேன். ஒருமுறை மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி கேட்டான். மனைவி வேண்டிக்கொண்டாளாம். பின்னணியை மாற்றுவதற்காக நான் கட்டியிருக்கும் பச்சைத் திரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"கால் படத்துலயே வராது தம்பி. போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

"சாமி விஷயம்ண்ணே" என்றான். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடைசியாக எடுத்தது கண்ணாடித் தோட்டம். அது முடிந்து மூன்றாவது வாரம் புயல் அடித்தது. பட்டுக்கோட்டையைச் சுற்றித் தென்னந்தோப்புகள் மொத்தமாகப் படுத்துவிட்டன. என் கடையின் தகரக் கூரை எதிர்வீட்டு மாடியில் கிடந்தது. வேதாரண்யத்தில் கடல் உப்பளத்துக்குள் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவன் நினைவு வராமல் இல்லை. ஊருக்குப் போயிருப்பான், இந்தச் சாக்கிலாவது உண்மையைச் சொல்லியிருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

பத்தாம் நாளும் கரண்ட் வரவில்லை. அந்தத் தெருவில் ஜெனரேட்டர் வைத்துக் கடை நடத்தியது நான் ஒருவன்தான். அன்று இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து போனை நீட்டினாள். நான் போட்ட கண்ணாடித் தோட்டம். நடுவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுக்காரருண்ணே, சிங்கப்பூர்ல இருக்காரு. இங்க டவர் இல்லாததாலதான் பேசலைன்னு இருந்தோம். டவர் வந்தும் பேசல. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும், நாலு பிரிண்ட் போட்டுத் தாங்க."

மனுவை என் மேஜைமேல் வைத்தாள். 'சிங்கப்பூரில் இப்படத்தில் காணும் இடத்தில் கடைசியாக இருந்த என் கணவரை' என்று எழுதியிருந்தது. பொய்ப்படம் போட்டவன் என்று போலீஸ் வரும், கடை போய்விடும் என்ற பயம். வேறு எதுவும் இல்லை, அந்தப் பயத்துக்கு நல்ல பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. நாலு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதை ஒரு புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"எங்க ஊரு ஆளு ஒருத்தரு அங்க வேலை பாக்குறாருண்ணே. ஞாயித்துக்கிழமை லீவுல அந்தத் தோட்டத்து வாசல்ல போயி நின்னு, சுத்திப் பாக்க வர்றவங்ககிட்டல்லாம் போட்டோவக் காட்டிக் கேக்குறாரு. நாலு வாரமா நிக்கிறாரு. உள்ள கேமரா இருக்காம். அவரு என்னைக்கு வந்தாருன்னு தேதி சொன்னா பாத்துச் சொல்லுவாங்களாம். இந்தப் போட்டோவ வச்சுத் தேதி கண்டுபிடிக்க முடியுமாண்ணே?"

தேதி என் கம்ப்யூட்டரில் இருந்தது. யாரோ ஒரு மனிதன், வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், முன்பின் தெரியாதவர்களிடம் என் படத்தைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அவரு அங்க போகவே இல்லம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி, அந்தப் படத்தைத் திறந்து, பின்னணியை எடுத்துவிட்டேன். பூவும் கண்ணாடியும் போய், என் பச்சைத் திரைக்கு முன்னால் அவன் மட்டும் நின்றான். ஓரத்தில் என் இரும்பு ஸ்டூல் தெரிந்தது. அவள் ஒருமுறை அந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப எங்கண்ணே இருந்தாரு?"

"வேதாரண்யம். உப்பளத்துல."

"ரெண்டு மணி நேரத்துல வந்துரலாமே" என்றாள். பிறகு குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இவனுக்கு மூச்சு முட்டி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கிடந்தோம். லீவு குடுக்க மாட்டேங்குறாங்கன்னு போன்ல அழுதாரு" என்றாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். இருவரும் வேதாரண்யம் போனோம். பஸ்ஸில் அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். உப்பளத்தில் கேட்டால், புயலுக்குப் பயந்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்று நினைத்தோம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அடையாளம் தெரியாமல் கிடைத்தவர்களின் படங்களை அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டாவது படத்தின்மேல் அவள் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"புயல் ஓஞ்ச அன்னைக்கே உப்பளத்து வாய்க்கால்ல கிடைச்சாரும்மா. ஆஸ்பத்திரியில பதினேழு நாள் வச்சிருந்தோம். யாரும் வரல, நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். ஏம்மா, இத்தனை நாளா ஒருத்தர்கூடத் தேடி வரலியே?"

என் கடைக்கு அவள் முதலில் வந்தது பத்தாம் நாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் ஏழு நாள் மிச்சம் இருந்தது. முகம் பார்த்திருப்பாள். ஊருக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்திருப்பார்கள்.

"அவரு சிங்கப்பூர்ல இருக்காருன்னு நெனச்சுட்டோங்கய்யா" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க யாரு, இவங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

எனக்கு முந்திக்கொண்டு அவளே பதில் சொன்னாள். "போட்டோக்காரருங்க. இடம் காட்ட வந்தாரு."

அந்தப் படங்களைப் போட்டவன் நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு, அடக்கம் செய்த இடத்துக்கு எப்படிப் போவது என்று என்னிடம்தான் வழி சொன்னார்.