லானிக்காக ஒரு ஸ்பகெட்டி விருந்து

என் தங்கை மார்லின் கல்யாணத்தில் ஜோடியாகச் சுழன்றாடும் முதல் போல்கா ஆட்டத்தை மாப்பிள்ளை லானி பாதியிலேயே நிறுத்திவிட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு. கோட்டுத் தையல் பிரிகிற மாதிரி தோள், தூண் தூணாகத் தொடை, ஆனால் ஒரு பாட்டு முழுக்க ஆட முடியவில்லை! மீதியை மார்லின் எங்கள் மாமாவோடு ஆடினாள். அமெரிக்காவின் யங்ஸ்டவுனில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய எங்கள் ஜனத்துக்குப் போல்கா இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை. சிரித்துக்கொண்டேதான் ஆடினாள். அவள் முகம் எனக்குத் தெரியாதா?

லானி வுகோவிச் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அது பிழைப்பு. அவன் உயிர் இருந்தது பர்ல் வைத்திருந்த ஜிம்மில். பர்ல் அவனைவிடப் பெரிய ஆள், கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். எங்கள் ஓஹையோ மாநிலத்தில் ஆணழகன் போட்டி எங்கே நடந்தாலும் இருவரும் மேடை ஏறிவிடுவார்கள். முடி திருத்தும் கடை வைத்திருக்கும் டோடியான நான், போட்டி நாட்களில் மேடைக்குப் பின்னால் இவர்களுக்குச் சாயம் அடிக்கப் போவேன். உடம்பெல்லாம் கரும்பழுப்பாக அடித்தால்தான் விளக்கு வெளிச்சத்தில் தசை பிரிந்து தெரியும். இந்தத் தடியன்களை நான் அறிந்த அளவுக்கு அவர்களைப் பெற்றவளும் அறிய மாட்டாள்.

சொல்கிறேன் கேளுங்கள். மேடையில் ராஜா மாதிரி நிற்பவனால் தன் ஷூ நாடாவைத் தானே கட்ட முடியாது. குனிந்தால் மூச்சு முட்டும். லானிக்கு மார்லின்தான் கட்டிவிடுவாள். முதுகு அரித்தால் கதவு நிலையில் போய்த் தேய்த்துக்கொள்வான். தராசில் எடை போட்ட கோழியும் சோறும்தான் சாப்பாடு. அதற்கு மேல் ஊசிகள். எதற்கு என்று கேட்டால், "வளர்றதுக்கு" என்பான். இன்னும் எங்கேடா வளர்வது?

கிளீவ்லாந்து போட்டியில்தான் அது நடந்தது. முந்தின நாளே தண்ணீரை நிறுத்தியிருந்தான். அப்போதுதான் தோல் காகிதம் மாதிரி தசையோடு ஒட்டுமாம். போதாததற்கு, இருக்கிற நீரையும் வெளியேற்ற மாத்திரை. நான் முதுகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"டோடி, கெண்டைக்கால் இழுக்குது."

"தண்ணி குடிடா, மடையா."

"மேடையை விட்டு இறங்கினதும் குடிக்கிறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, சாய்ந்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ்காரி வந்து நீர் ஏற்ற ஊசியை எடுத்தால், இவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறான்.

"வேணாம்மா. தண்ணி ஏறினா கோடெல்லாம் போயிடும். என் நம்பரைக் கூப்பிட்டாங்களா?"

ஆளைத் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள், அவனுக்கு வயிற்றுக்கோடு கவலை! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் வெள்ளை விரிப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது. டாக்டரம்மாவின் கோட்டில் அவன் கை அப்படியே பதிந்திருந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"இதயத்தோட சுவர் தடிச்சுப்போச்சு. ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம், கிட்னியும் திணறுது. இப்படியே போனா உங்களுக்கு ரொம்ப நாள் இல்ல."

"அப்போ இனி ஜிம்மே கூடாதா?" லானி குழந்தை மாதிரி அழுதுவிட்டான்.

"யார் சொன்னா? ஊசியை நாங்க பார்த்துப் பார்த்து நிறுத்துறோம். அளவா எடை தூக்குங்க, நடங்க, நீந்துங்க, எல்லாத்தையும் சாப்பிடுங்க. போட்டி மட்டும் வேணாம்."

மார்லின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பாதிப் பாட்டு பாக்கி இருக்கு, லானி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றே போட்டிக்கு முழுக்குப் போட்டான்.

உடம்பு மளமளவென்று இறங்கியது. காலையில் பூங்காவில் நடை, மாலையில் நீச்சல், வீட்டிலேயே கொஞ்சம் எடை. முகத்தில் ரத்தம் ஊறியது, தூக்கம் வந்தது. ஆனால் பர்லின் முகத்தில் விழிக்க மட்டும் வெட்கம். போனில் கேட்டபோது, "உடம்பு சரியில்லப்பா" என்று மென்று முழுங்கினான். வந்தது வினை! ஒரு நாள் மளிகைக் கடையில், தொளதொளவென்று பழைய சட்டையோடு நின்றவனைப் பர்ல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டான். புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

எங்கள் ஊரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் விசாரிக்க மாட்டோம், ஸ்பகெட்டி வேக வைப்போம். சர்ச் ஹாலில் விருந்து, வருகிற டிக்கெட் பணம் நோயாளி வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று பர்ல் எங்களையும் கூப்பிட்டிருந்தான். யாருக்கு விருந்து என்று மட்டும் மூச்சு விடவில்லை.

உள்ளே நுழைந்தால், சுவரில் ஆளுயரத்துக்கு லானி! நான் அடித்த சாயத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, புஜத்தை முறுக்கி நிற்கிறான். கீழே, 'லானிக்காக ஜெபியுங்கள்.' ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது.

"தைரியமா இருடா," பர்ல் அவனைக் கட்டிக்கொண்டு விம்மினான். "எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா!"

"எலும்பும் தோலுமா? டேய், மனுஷ உடம்பே இவ்வளவுதான்டா! எனக்கு ஒரு வியாதியும் இல்ல!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க," என்று பக்கத்து வீட்டு எத்தல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அழுகை கூடியதே தவிர குறையவில்லை. மார்லினுக்குப் பொறுக்கவில்லை. விருந்துக்கு அக்கார்டியன் வாத்தியம் வாசிக்க வந்தவரிடம் விறுவிறுவென்று போனாள்.

"ஒரு போல்கா வாசிங்க. நீளமானதா."

லானி அவளைப் பார்த்தான். பிறகு குனிந்தான். தன் ஷூ நாடாவைத் தானே அவிழ்த்து, இறுக்கிக் கட்டினான்.

ஆடினார்கள். நான் பாட்டின் பாதிக்காகக் காத்திருந்தேன். கல்யாணத்தில் அவன் நின்ற இடம் வந்தது. மார்லினின் கை அவன் தோளை இறுக்கியது. அவன் நிற்கவில்லை. இன்னும் வேகமாக அவளைச் சுழற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினான். என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து எத்தனை வருடம்! ஹாலே எழுந்து கை தட்டியது. பாட்டு முடிந்ததும் லானி நேராகப் போய்த் தட்டு நிறைய ஸ்பகெட்டி போட்டுக்கொண்டான்.

"அப்போ என் டிக்கெட் காசு?" என்றாள் எத்தல்.

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் பர்ல். தட்டிய களைப்பில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, நெற்றியில் வியர்வை வழிய, தன் காலையே பார்த்தான்.

"டோடி, நாடா அவிழ்ந்துடுச்சு. கொஞ்சம் கட்டிவிடேன்."

மண்டி போட்டுக் கட்டிவிட்டேன். யாரும் கேட்கிறார்களா என்று அவன் இரு பக்கமும் பார்த்தான்.

"அந்த டாக்டரம்மா பேரு என்ன?"