மூலை வைத்த எழுத்து

சித்தப்பாவின் பேனர் கடையில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு எழுத்து வகைதான். அதில் வளைவு என்பதே கிடையாது. சுழிகளெல்லாம் மூலைமூலையாக மடங்கி, ஒவ்வொரு கோடும் உத்தரம்போலத் தடித்து, பட்டுச் சேலையின் கோபுர பார்டர் மாதிரி முனை முனையாக நிற்கும். கபடிப் போட்டி, கட்சிக்காரர் பிறந்தநாள், புதுப் படம், ஜிம் திறப்பு, எதுவானாலும் ஆரணியில் அதுதான். நான் தலைகீழாக நின்றாலும் என் பெயரை அதில் அடித்துத் தர மாட்டார். "மொதல்ல ஏதாவது கப்பு ஜெயிச்சிகினு வா" என்பார்.

கப்பு ஜெயித்ததெல்லாம் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன். அவன் கபடியில் ஜெயித்து வரும்போதெல்லாம் தெருமுனையில் பேனர் ஏறும். அதில் படத்தைவிட அவன் பெயர் பெரிதாக இருக்கும். இறக்கிய பேனர்களைப் பெரியம்மா எடுத்துப்போய்த் தறிக்கு மேலே ஒழுகுகிற இடத்தில் கட்டுவாள். பெயர் தன் பக்கம் பார்க்கும்படிதான் கட்டுவாள்.

அந்த அண்ணன் களம்பூரில் ஆடிவிட்டு பைக்கில் திரும்பும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

கண்ணீர் அஞ்சலிக்கு மெல்லிய, உருண்டை எழுத்துதான் போடுவது வழக்கம். சாவு வீட்டில் எழுத்து கத்தக் கூடாது என்பார் சித்தப்பா. அழுதுகொண்டே அப்படித்தான் அடித்து வந்து வாசலில் கட்டினார். பெரியம்மாவைத் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தார்கள். பேனரைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது.

"படத்த மட்டும் போட்டுட்டு எம் புள்ள பேர எங்க உட்ட தம்பி?"

"கீழ இருக்குது பாருங்க அண்ணி."

"அது அவன் பேரு இல்ல. யாரு பேரையோ போட்டுகீற."

என் அம்மா விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். பெரியம்மா கேட்கவில்லை. பேர் இல்லாமல் பிள்ளையை எடுக்க விட மாட்டேன் என்று பாடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மேளம்கூட நின்றுவிட்டது.

சித்தப்பா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்கு ஓடினார். திரும்பி வந்து அவர் கட்டிய பேனரில் அண்ணன் பெயர் கபடி ஜெயித்த நாள் மாதிரியே தடியாக, மூலைமூலையாக நின்றது.

"இன்னாப்பா இது, சாவுக்கு இப்டியா போடுவாங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியம்மா எழுந்துபோய் அந்தப் பெயரைக் கடைசி எழுத்து வரை கையால் தடவினாள். "இதோ இருக்கான்" என்றாள். அதற்குப் பிறகுதான் வழிவிட்டாள்.

எனக்கு அன்று அத்தனை துக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. பெரியம்மாவுக்கும் என்னைப் போலவே அந்த எழுத்துதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவளுக்குப் படிக்கத் தெரிந்தது உலகத்திலேயே அந்த ஒரு பெயர், அதுவும் அந்த ஒரு எழுத்தில் மட்டும். அது எனக்கு அன்று தெரியாது.