மதிலுக்கு மேலால் வந்த மீன் ஆணம்

கொரோனா காலத்தைப் பற்றி யாராவது இனிக்க இனிக்கக் கதைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு கலியாண வீட்டிலும் அப்படித்தான். "அந்த நாளையில எவ்வளவு ஒத்துமை, என்னகா? அக்கம்பக்கத்தில குடுத்து வாங்கித் திண்டம்" என்று ஒரு பெண் கண்கலங்கச் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நானும் அப்படிக் கொடுத்து வாங்கித் தின்றவள்தான். அதனால்தான் எழும்பிக் கை கழுவப் போனேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து, கடற்பக்கத்து வீட்டை மூத்தவள் ராத்தாவுக்கும் ரோட்டுப் பக்கத்து வீட்டை எனக்கும் தந்தார்கள். நடுவில் நெஞ்சளவு மதில். அதைக் கட்டும்போது ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், மேசனிடம் "இதுக்கு மேல உயத்தாதீங்க, ராத்தாவும் தங்கச்சியும் ஒரு நாள் கதைக்காட்டி மூச்சு முட்டிருவாளுகள்" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு மாமியின் வீடு. சொந்தமில்லை, மாமி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. மூன்று வீட்டிலும் சோறு ஆக்கும் குசினிகள் அந்த மதில் மூலையில் வந்துதான் சந்திக்கும்.

அக்கரைப்பற்றில் நோய் பரவி, பிறகு எங்கள் ஊரையும் மூடியபோது மாரி காலம். கடல் கொந்தளித்துக் கிடந்தது, தோணி எப்போதாவதுதான் இறங்கியது. கடைகளும் இல்லை. வீட்டுக்கு மூன்று கறி ஆக்க யாருக்கும் வழியில்லை. ராத்தாதான் ஒரு ஒழுங்கு சொன்னாள். சோறு அவரவர் பாடு, கறி வீட்டுக்கு ஒன்று. மீன் ஆணம் அவள், பருப்போ மரக்கறியோ நான், சுண்டலும் சம்பலும் மாமி. அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டுக் கறிக் கோப்பைகளை மதில் மேல் வைத்து மாற்றிக்கொள்வோம். வீட்டாருக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, ஆளுக்கொரு கதிரையைத் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு, அவரவர் வளவுக்குள் இருந்தே தின்போம்.

ஒரே சஹன் தட்டில் ஆறு பேர் கை போட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே கறியை மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து தின்பதும் சேர்ந்து தின்பதாகத்தான் பட்டது. சந்தோசமாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. மழை தகரத்தில் கொட்டும். மாமி யாருடைய மருமகளையாவது பிடித்து அலசுவாள். மச்சான் உள்ளேயிருந்து "புளி காணாது" என்று குரல் கொடுப்பார். "அப்ப நாளைக்கி நீங்க ஆக்குங்க" என்பாள் ராத்தா.

ராத்தாவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. மீன்காரனின் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுவாள். இறக்காமத்துக் குளத்து மீன் என்றால் கேற்றையே திறக்கமாட்டாள். சேற்று மணமாம். "நீ பூனையாப் பொறந்திரிக்க வேண்டியவள்" என்று மாமி சீண்டுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் பழுதான சூரை மீனை ஆக்கி அனுப்பினாள். மூடியைத் திறந்ததுமே எனக்குக் குமட்டியது. "இதென்னகா நாத்தம்" என்று மாமி கோப்பையைத் தள்ளி வைத்தாள். ராத்தாவோ அந்தப் பக்கம் அதையே சாதாரணமாகப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

"ராத்தா, மீன மோந்து பாக்கல்லயா?" என்று கேட்டேன். வாய்க்குப் போன கை நின்றுவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மணமும் ருசியும் போவது எதன் அடையாளம் என்று அந்த நாளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாமிக்கும் விளங்கியது. கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள்.

மச்சானின் குரல் சில நாளாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் மார்க்கப் பயான் பேச்சு மட்டும் சத்தமாகப் போட்டிருந்தது, இருமல் வெளியே கேட்காமல் இருக்க. அவருக்குத்தான் முதலில் காய்ச்சல். சீனி வருத்தமும் இழுப்பும் என்று முன்னமே நோய் உள்ள மனிசன். ராத்தா மணம் குணம் தெரியாமலே ஒவ்வொரு நாளும் மீன் ஆணம் ஆக்கி அனுப்பியது பாசம் பாதி, பயம் பாதி. ஒரு நாள் கறி வராவிட்டால் என்ன ஏது என்று நாங்கள் கேட்போம், விசயம் வெளியே போகும், சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ வருவார், மச்சானைக் கொண்டுபோவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் ராத்தா. அவருக்கு இழுக்கிது."

"கொண்டு போய் மவுத்தானா? எரிச்சிருவாங்க புள்ள."

"மவுத்தாக மாட்டார்."

"ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த நாளில் இந்த நோயில் மவுத்தாகிப் போன யாருக்கும் அடக்க மண் கிடையாது. எந்த மார்க்கத்தவரானாலும் எரிப்பதுதான் நாட்டுச் சட்டம். நெருப்பு என்றால் மறுமையை நினைத்து நடுங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். மச்சான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க வாங்க என்னிடம் கேட்டதும் ஒன்றைத்தான். "மச்சி, என்ன மண்ணுக்குக் குடுங்க."

வீட்டில் மவுத்தானால் சத்தமில்லாமல் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிடலாம் என்று ராத்தா நம்பினாள். வீட்டில் மவுத்தானவர்களையும் சோதித்த பிறகுதான் மையித்தைத் தருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எத்தனையோ வீடுகள் அப்படி நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தன. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று இப்போது சொல்ல வருகிறவர்கள் என் முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது.

கடைசியில் மூச்சு முட்டியபோது அவளேதான் அம்புலன்சைக் கூப்பிட்டாள். மச்சான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. சோதித்தார்கள், நோய் இருந்தது. ஒலுவிலிலிருந்து அவருடைய தம்பி மட்டும் எரிக்கும் இடத்துக்குப் போய்த் தூரத்தில் நின்றார். அங்கே கண்டதை அவர் இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கறி கொடுத்து வாங்கிய விசயம் தெரிந்ததும் மூன்று வீட்டுக் கேற்றிலும் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாமி மதில் மூலைக்கு வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "உன்ட ராத்தா சோத்தோட வருத்தத்தயும் சேத்து அனுப்பிட்டாள். வீட்டில கைப்புள்ள இரிக்கி எண்டு கூட யோசிக்கல்ல" என்றாள். அவள் வீட்டில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனாலும் ஊரைத் திறந்ததும் எங்கள் ஒழுங்கைக்கு முதலில் வந்த மேசன் அவள் கூப்பிட்ட மேசன். தன் பக்கத்து மதிலைத் தலைக்கு மேல் உயர்த்திவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

மையித்து வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டோம், அயலவர்தான் சோறு கொண்டுவருவோம். இது எங்கள் ஊரில் எதிரிக்கும் செய்கிற காரியம். ராத்தாவின் வாசலுக்கு ஒரு கோப்பைக் கஞ்சி வரவில்லை. நான் ஆக்கியதை மதில் மேல் வைப்பேன். அவள் எடுத்துத் தின்பாள். ருசி இன்னும் திரும்பவில்லை, எதை வைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ராத்தா இன்னும் மாப்பிள்ளையை இழந்தவள் இருக்கும் இத்தாவில்தான் இருந்தாள், வெளியே தலை காட்டாமல் வீட்டோடு. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாளில், இனி அடக்கம் செய்யலாம் என்று அனுமதி வந்தது. ஊர் அழுதது, சிரித்தது, பள்ளிவாசலில் துஆக் கேட்டது. வீட்டுக்கு வீடு எதையாவது ஆக்கிப் பங்கிட்டார்கள். மாமி நெய்ச்சோறும் இறைச்சியும் ஆக்கி, மதில் உயர்ந்துவிட்டதால் ரோட்டால் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ராத்தாக்கும் குடு புள்ள. பழசெல்லாம் மறந்திருங்க" என்றாள். எதை மறக்கச் சொல்கிறாள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நல்ல நாளில் சண்டை எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன். அந்த விழுங்கல் இன்னும் செரிக்கவில்லை.

கோப்பையைக் கொண்டுபோய் ராத்தாவின் கையில் கொடுத்து, அனுமதி வந்த செய்தியையும் சொன்னேன். அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள்.

"நீ சொன்ன மாதிரி அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரிக்கலாம்" என்றாள். "ஒட்சிசனக் குடுத்து வச்சிரிந்திரிப்பாங்க."

"ஓம் ராத்தா, ஹயாத்தோட இரிந்திரிப்பார்" என்றேன், முட்டாள் மாதிரி.

"ஹயாத்த நான் கேக்கல்ல புள்ள" என்றாள். "இண்டைக்கு வரைக்கும் இழுத்துக் கிடந்திரிந்தாப் போதும். மண்ணுக்குப் போயிரிப்பார்."