உள்ளே இருக்கும் வரை

கூரியரில் வந்த அந்த நீலப் பெட்டி என் உள்ளங்கையில் அடங்கியது. அண்ணி அதைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, ஜன்னலோரம் நின்று முழுவதும் படித்தார். மாத்திரைச் சீட்டைக்கூட யாரும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. "எட்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது பாப்பா. மாத்திக்கினே இருக்கணும்" என்றார். அண்ணி தேவிகாபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வருவதற்கு முன் சென்னையில் வேலை பார்த்தவர். மாதவிலக்கு நாட்களில் ரத்தத்தை உறிஞ்ச உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் டாம்பான் அவருக்குப் புதிதல்ல, எங்கள் வீட்டுக்குத்தான் புதிது.

எங்கள் வீட்டில் தூரமான பெண் தறி இருக்கும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. சாதாரணப் புடவை என்றால் அம்மா சில சமயம் கண்டும் காணாமல் இருந்துவிடுவாள். முகூர்த்தப் புடவை என்றால் பேச்சே கிடையாது. யார் வீட்டுப் பெண்ணோ தாலி கட்டிக்கொள்ளப் போகும் புடவை, அதில் நம் தீட்டு பட்டால் அவள் வாழ்க்கை என்னாவது என்பாள். அம்மா இதை மிரட்டலுக்காகச் சொல்பவள் இல்லை. உண்மையிலேயே அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகப் பயப்படுவாள்.

அந்த மாதம் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான். தறியில் உட்கார அண்ணியை விட்டால் ஆளில்லை. "கல்யாணம் நெருங்கிடுச்சி, ஜல்தி முடிங்கம்மா" என்று பட்டுக்கடைக்காரர் தினமும் வந்து நின்றார். அந்த முகூர்த்தப் புடவையின் முந்தி நெய்ய வேண்டிய நேரத்தில் அண்ணிக்கு வந்துவிட்டது. அவர் ஒளிக்கவில்லை. டாம்பானைக் காட்டி, இதை வைத்துக்கொண்டால் ஒரு சொட்டு வெளியே வராது என்று அம்மாவிடம் விளக்கினார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"வெளிய வந்தாத்தான தீட்டு? உள்ளயே இருந்தா சுத்தம்தான். ஆனா நடுவுல எட்த்தா போச்சு. நெஞ்சி முடிச்சி தறிலேந்து பொடவய அறுத்து எறக்கினப்பறம் எட்த்துடு."

"எட்டு மணி நேரந்தான் அத்த, அதுக்கு மேல ஆவாது."

"அது இங்கிலீஷ்காரன் கணக்கு. அவனா வந்து இங்க பொடவ நெய்யறான்?"

மூன்று பேரும் சிரித்தோம். அண்ணியும்தான்.

அன்று முழுவதும் நெய்தார். இரவும் எடுக்கவில்லை. மறுநாள் காலை, முந்தியில் இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கும்போது, காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. வாந்தி வேறு. நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா அவரைப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். மாதவிலக்கா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அம்மா இல்லை என்றிருக்கிறாள். ஊரெல்லாம் டெங்கு இருந்த சமயம். ஊசி போட்டு, நாளைக்கு ரத்தம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் நான் வரும்போது அண்ணி பாயில் கிடந்தார். நாளெல்லாம் வெயிலில் நின்றவர் போல முகம், மார்பு, உள்ளங்கை எல்லாம் சிவந்திருந்தன. எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சரிந்தார். கார் பிடித்து நானும் அண்ணனும் வேலூருக்குக் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "பாப்பா, இன்னும் எடுக்கல" என்றார். ஏன் என்று கேட்டேன். "பொடவ இன்னும் தறிலதான இருக்கு."

வேலூரில் இறங்கியதும் முதலில் அதைத்தான் சொன்னேன். உடனே எடுத்துவிட்டார்கள். அதற்குள் நஞ்சு ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. டாக்ஸிக் ஷாக் என்றார் டாக்டரம்மா. நான் பிறப்பதற்கு முன்னால் அமெரிக்காவில், நிறைய உறிஞ்ச வேண்டும் என்றே செய்த ஒரு வகை டாம்பானை வைத்திருந்த பெண்கள் பலர் இதே மாதிரி காய்ச்சலில் விழுந்தார்களாம். சிலர் செத்தும் போனார்களாம். அதற்குப் பிறகுதான் அந்த வகையைக் கடைகளிலிருந்து எடுத்து, எச்சரிக்கையை அச்சடிக்க ஆரம்பித்தார்களாம். "தாள்லயே போட்டிருக்குமே, படிக்கலையாம்மா?" என்றார்.

"படிச்சாங்க" என்றேன்.

மறுநாள் மதியம் அண்ணி இறந்துபோனார். அந்தப் புடவையைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. சாவு விழுந்த வீட்டுத் தறியில் கிடந்ததை எந்தப் பெண்ணுக்குக் கட்டுவார்கள்? அண்ணன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். நான் அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. அழுகை வராதது பேஜாராகத்தான் இருக்கிறது. யாராவது அண்ணியைப் பற்றிக் கேட்டால், பஸ் நேரம் சொல்வது போல நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கேட்டவர்கள்தான் அழுகிறார்கள்.

இப்போது தறியில் நான் உட்காருகிறேன். எனக்கு வந்திருக்கிறதா என்று அம்மா கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை, எழுந்திருப்பதும் இல்லை. எப்போதாவது, நான் நெய்துகொண்டிருக்கும்போது, வாசற்படியில் வந்து நின்று அதே பேச்சைத்தான் எடுப்பாள்.

"டாக்டர் கேட்டாருடி. நான் பொய் சொல்லல. அப்ப அவ சுத்தமாத்தான் இருந்தா."

அம்மா பொய் சொன்னாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்க முடிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.