இரும்பு மீன் தின்ற ஞாயிறுகள்

சண்டை முடிந்த வருஷம் இது. தலவாக்கலைப் பக்கம் புது அணைக்காகப் பாறையை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பாதை இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஐப்பசி மழையில் எங்கள் டிஸ்பென்சர் ஐயா போய்விட்டார். செய்தி கொண்டுவந்தவர் பாண் ரொட்டி விற்கிற வண்டிக்காரர். தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றவர் பாணை எடுக்காமல், "ஒங்க ஆஸ்பத்திரி ஐயா அட்டன் ரூம்ல தவறிட்டாருங்க. காலையில கதவத் தட்டித்தான் பாத்திருக்காங்க" என்றார். நான் பாண் வாங்காமலே லயத்து அறைக்குத் திரும்பினேன். போய்ச் சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை.

ஐயாவின் அக்கா மகன் கொழும்பிலிருந்து வந்து, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிப்பதாகச் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல அவர் எழுதுகிறார். ஐயாவைப் பற்றிச் சொல்வதானால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதை ஐயா கடைசிவரைக்கும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

அவர் பெயர் நவரத்தினம். யாழ்ப்பாணத்தில் கடற்கரை ஊர். நோட்டன் பிரிட்ஜ் அணைத் தண்ணீருக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்க வந்தார். வந்தபோது தலையில் ஒரு நரைமுடி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதன்கிழமை நீர்கொழும்பிலிருந்து மீன் லொறி வரும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் நின்றாலும் ஹாரன் கேட்டதும் எழுந்துவிடுவார். செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது செத்து மூண்டு நாள். எனக்குத் தெரியாதே?" என்று லொறிக்காரனோடு மல்லுக்கட்டுவார். பிள்ளைமடுவத்தில் பிள்ளை பார்க்கிற ஆயா செல்லம்மா, "டாக்டரய்யாவுக்கு நம்ம நாடிய விட மீனு நாடிதான் நல்லாத் தெரியும்" என்று நக்கலடிக்கும். அவருக்குக் கோபம் வராது. "உன்ர நாடியிலை என்ன கிடக்கு செல்லம்மா, வாய்தான் துடிக்குது" என்பார்.

சுனாமி வந்தது. அவருடைய தங்கச்சியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நாட்டில் எங்கேயும் எவரும் கடல்மீன் வாங்கவில்லை; அது எதைத் தின்றதோ என்று எல்லோருக்கும் பயம். ஒரு மாதத்துக்குப் பிறகு லொறி வந்து ஹாரன் அடித்தது. ஐயா கதவைத் திறந்து வந்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்று, உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "அண்ணை, கடல்மீனை இனி நான் தொடமாட்டன்." நான் அவரைவிட மூத்தவன் என்பதால் அண்ணை என்பார். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததில்லை.

இனி என் கதை; அதுவும் மீன் கதைதான். பங்களாவில் தோட்ட வேலை செய்தவன் நான். சுனாமிக்கு ஆறேழு வருஷம் முந்தி, மேனேஜராக இருந்த தொரை ஒருவர் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தார். அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போகும்போது நிற மீன்களை யார் யாரோ கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தொட்டியின் பாசியை நக்கிக்கொண்டிருந்த கறுப்பு மீன் நாலு மிச்சம். விரல் நீளம்தான் இருக்கும், உடம்பெல்லாம் ஓடு. சாமான் ஏற்றுகிற அவசரத்தில் தொரை, "கொன்னு குழியில போட்டுடு" என்றார். அன்றைக்குப் புரட்டாசிச் சனி. நான் விரதம். விரதத்தில் உயிரைக் கொல்லலாமா? வாளியில் அள்ளிக்கொண்டு போய், அணையில் விழுகிற ஓடையில் விட்டுவிட்டேன். நாலு உயிரைக் காப்பாற்றினேன் என்று அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

சுமனபால அந்த அணையில் வலை போட்டுப் பிழைத்த சிங்களவன். தமிழ் நன்றாகப் பேசுவான். வேலை இல்லாத நாளில் நான் அவன் தோணியில்தான் கிடப்பேன். என் மனைவி செத்த பிறகு அவனும் ஐயாவும்தான் எனக்குப் பேச்சுத்துணை. சில வருஷத்தில் அவன் வலையில் முழங்கை நீளத்தில் கறுப்பாக ஒன்று ஏறத் தொடங்கியது. ஒன்று பத்தானது, பத்து வலை நிறைய ஆனது. துடுப்பு முள்ளால் வலையைக் கிழித்துவிடும். கறிக்கு ஆகாது என்று கரையில் வீசுவான், காகம்கூடக் கொத்தாது. அணைக்காரர்கள் அதை டேங்க் கிளீனர் என்றார்கள்; நாங்கள் இரும்பு மீன் என்றோம். ஓடையில் கல்லைப் புரட்டினால் ஒட்டிக்கொண்டிருக்குமே கல்லொட்டி, அந்தச் சின்ன மீன் கண்ணிலேயே படவில்லை. முதல் இரும்பு மீனை வலையில் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

சுனாமி வந்த அடுத்த மாசியில் சுமனபாலவுக்கு வலை பிரித்துக் கொடுக்கும்போது இரும்பு மீனின் முள் ஒன்று என் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐயா மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கை எரிய எரிய எனக்கு என்ன வந்ததோ, "இந்தக் கையாலதாங்கய்யா அதக் கொண்டாந்து விட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கழுவுவதை நிறுத்தாமலே கேட்டார்: "எத்தினை?"

"நாலுங்க."

"ஏன் விட்டனீங்கள்?"

"பெரட்டாசிச் சனிங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "விரதம் பிடிச்சு ஒரு அணையையே துலைச்சுப்போட்டியள்" என்றார். கட்டுப்போட்டு முடித்தபின், "சுமனபாலவுக்குச் சொல்லாதேங்கோ. அவன் உங்களோட கதைக்கமாட்டான். பிறகு நீங்கள் ஆரோட இருப்பியள்?" என்றார். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "விட்டதைத் திருப்பிப் பிடிக்கேலாது. தின்னலாம். ஞாயிற்றுக்கிழமை நல்லதாய்ப் பாத்து நாலு கொண்டுவாங்கோ."

அந்த ஞாயிறு அவர் குவாட்டர்ஸின் பின்பக்கம் அடுப்பு மூட்டினோம்; சுமனபாலவும் செல்லம்மாவும் வந்திருந்தார்கள். கத்தி அந்த ஓட்டில் வழுக்கியது. ஐயா உள்ளே போய், கைகால் முறிந்தவர்களுக்குப் போட்ட மாவுக்கட்டை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்து, வயிற்றுப் பக்கமாக நறுக்கென்று வெட்டிக்கொண்டு போனார். குடலைப் பிரித்துக் காட்டினார். பாசியும் சேறும். அதற்குள் கடுகு மாதிரி சின்ன முட்டைகள். "இது வேணுமெண்டு தின்னேல்லை. கல்லை நக்கேக்கை கல்லொட்டியின்ர முட்டையையும் சேத்து நக்கிப்போட்டுது" என்றார். மீனை ஓட்டோடு தணலில் போட்டுச் சுட்டு, வெள்ளைச் சதையை உரித்து, ஊரிலிருந்து முன்பு வந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினார். புளி மிளகாய் வாசம் மூக்கில் ஏறியது.

செல்லம்மா கோப்பையை வாங்கி முகர்ந்தது. "செத்தா தோட்டத்துல சவப்பொட்டி குடுப்பாங்களா டாக்டரய்யா?"

"குடுப்பினம். குடி."

குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டியது.

சுமனபாலதான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "மஹத்தயா, ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா எவன் இதக் கொண்டாந்து என் தண்ணியில விட்டானோ, அவன் கை அழுகிப் போகணும்" என்று ஐயாவிடம் சொன்னான். கட்டுப்போட்ட என் கை மடியில் கிடந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐயா அகப்பையால் பானையைக் கிண்டிக்கொண்டே, "அழுகினால் என்னட்டைத்தானே வருவான். நான் மருந்து கட்டுவன். நீ குடி" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் இரும்பு மீன்தான். ஐயா சுமனபாலவுக்கு ஒரு வேலை சொன்னார். மீனைக் கரையில் வீசக்கூடாது. தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்காக உயிரோடு கிடந்து, ராவில் ஊர்ந்து திரும்பிப் போய்விடும். மழைக்கு முந்தி வயிறு பெருத்ததை முதலில் எடுக்க வேண்டும். "ஒண்டைத் தின்னுறது ஆயிரத்தைத் தின்னுறதுக்குச் சமன்" என்பார். மருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. செல்லம்மா பிள்ளைமடுவத்துத் தாய்மாரிடம் சமைக்கிற விதம் சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக லயங்களில் வாங்கத் தொடங்கினார்கள். சுமனபாலவின் வலைக்கு வேலை வந்தது. இரும்பு மீன் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் போன வருஷம் ஓடை வாயில் ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லொட்டி இரண்டு இருந்தன.

அதைப் பார்க்க சுமனபால இல்லை. அதற்கு முந்திய வருஷமே நெஞ்சு வலித்து, தோணியில் உட்கார்ந்தபடி போய்விட்டான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். பெட்டியருகே நின்றபோதும் வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியில் ஐயா, "அண்ணை, நான்தான் உங்களை மறிச்சனான். அந்தப் பிழை என்ர" என்றார். அப்படிப்பட்ட மனிதர். என் பிழையில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார்.

பென்ஷன் வாங்கியபோது ஊருக்குப் பாதை பூட்டியிருந்தது. அட்டனில் அறை எடுத்து, திறக்கட்டும் என்று இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு நான் மீனைச் சுட்டு, இலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோவேன். முதலில் பாதையைப் பற்றித்தான் கேட்பார். புரட்டாசி பிறப்பதற்கு முந்திய ஞாயிறு கடைசியாகப் போனேன். அந்தக் கத்தரிக்கோலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "இனி நீங்கள் தனியத்தான் வெட்டோணும்" என்றார். ஊருக்குப் போகப்போவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது இப்போது என் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. ஞாயிறு வந்தால் எடுக்கிறேன். ஒரு மீன் போதும். ஒடியல் மாவு இல்லை, ரொட்டியோடு தின்கிறேன்.

அந்தப் பானையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தோம். சுமனபால போய்விட்டான். செல்லம்மா போன தை மாதம் போனது. இப்போது ஐயா. எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்க இனி யாரும் இல்லை; அதனால் நானே சொல்லிவிட்டேன். அந்த மீன்களை ஓடையில் விட்டவனும், அந்த நாலு பேரில் இன்னும் உயிரோடு இருப்பவனும் ஒருவன்தான்: பங்களாத் தோட்டக்காரன் இராமையா.