தாளிக்காத கடைசல்

எங்கள் மாடியில் குடியிருந்த பெண் மெக்சிகோ நாட்டுக்காரி. தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் அப்படி ஒருத்தி குடியிருந்தாள் என்றால் இப்போதும் சிலர் நம்புவதில்லை. அவள் புருஷன் நம் பக்கத்துப் பையன்தான். பெருந்துறையை ஒட்டிய ஒரு கிராமம். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்து இங்கே ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்து அந்தம்மா மகனோடு பேசுவதில்லை. மருமகள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

நான் வீட்டுக்காரி. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும், பொய்யில்லை. "வெள்ளைக்காரியைக் குடி வெச்சிருக்கீங்களாமா?" என்று கேட்டு வந்தவர்களிடம், "என்னையக் காட்டியும் கொஞ்சந்தான் செவப்பு, போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். பாவம், நல்ல பெண். ஒரு வருஷத்தில் காய்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் பழகிவிட்டாள்.

போன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் அவள் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். மாடிக்குக் குரல் கொடுத்தேன். ஓடி வந்து நின்றபடியே கேட்டாள். அவள் பாஷையில் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் இறங்கி வந்தான்.

"அக்கா, அவங்கப்பா தவறிட்டாருங்க. நெஞ்சு வலியாமா. நாளைக்கே அடக்கம் பண்ணிருவாங்களாமா. நாங்க போய்ச் சேர மூணு நாளாயிருமுங்க. முகத்தைக்கூடப் பாக்க முடியாது."

எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள்தான் சோறாக்கிக் கொண்டுவருவார்கள். அதிலும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்பார்கள். இவளுக்கு யார் கொண்டுவருவார்கள்? நானே தாளிக்காமல் ரசம் வைத்துச் சோற்றோடு கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. சாயங்காலம் இட்லி கொண்டுபோனேன். மத்தியானம் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அழவுமில்லை. வாயில் வைத்தால் தண்ணீர் மட்டும் இறங்கியது. வாய்விட்டு அழுதுவிட்டால்கூடத் தேவலை.

கீழே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனிடம் நம்பரை வாங்கி அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கம்மா, உங்க மகன் குடியிருக்கற ஊட்டுக்காரி பேசறேனுங்க. உங்க சம்பந்தி தவறிப் போயிட்டாருங்க."

"எனக்கு ஏதுங்க சம்பந்தி?"

"உங்க மகன் கட்டுன புள்ளையோட அப்பன் உங்களுக்குச் சம்பந்தி இல்லாம, பின்ன எனக்குங்களா சம்பந்தி? கல்யாணத்துக்கு வல்லை, சரி. எழவுக்குமா வராம இருப்பீங்க? அந்தப் புள்ள சோறு தண்ணியில்லாமக் கெடக்குதுங்க. கட்டி அழுக ஒரு நாதி இல்லீங்க."

அந்தம்மா போனை வைத்துவிட்டார். நானும் டொக்கென்று வைத்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையிலும் அவள் எழுந்திருக்கவில்லை. "தம்பி, இவ ஊர்ல என்னதான் தின்பாங்க? எதையாவது சொல்லித் தொலை, செஞ்சு பாக்கலாம்" என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "பட்டர் ஃப்ரூட்டுல ஒண்ணு செய்வாங்கக்கா. குவாக்கமோலேன்னு பேரு. ஞாயித்துக்கெழமையானா அவங்கப்பாதான் செய்வாராம். வேற யாரையும் கிட்ட விடமாட்டாராம்."

பட்டர் ஃப்ரூட் நமக்கெல்லாம் ஜூஸ்தான். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்து, டம்ளரில் ஊற்றினால் கீழே இறங்காமல் நிற்குமே, அதுதான். அதில் உப்பும் வெங்காயமும் போடுவார்கள் என்றதும், "அடக் கருமமே!" என்று வாயில் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

மலையிலிருந்து மார்க்கெட்டுக்கு வரும் பழம் கல்லு மாதிரி இருக்கும். அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் பழுக்க நாலு நாளாகும். அதனால் நேராக மெயின் ரோட்டு ஜூஸ் கடைக்குப் போனேன். "பழமாத் தர்றதில்லீங்கக்கா, ஜூஸ் வேணாப் போடட்டுங்களா?" என்றார் கடைக்கார பாய்.

"எங்க மாடியில ஒரு புள்ளைக்கு அப்பன் செத்துப் போயிட்டாருங்க பாய். அவங்க ஊர்ல இதுதான் சாப்பாடாம்."

பாய் வைக்கோலை விலக்கி, ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் அமுக்கிப் பார்த்து, கனிந்ததாக நாலு பழம் எடுத்துக் கொடுத்தார்.

என் சமையல்கட்டில் அவன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். பழத்தைக் கொட்டை வரைக்கும் சுற்றிலும் கீறி, இரண்டு கையாலும் திருகினால் பாதி பாதியாகப் பிரிந்து வந்தது. கரண்டியால் வழித்தெடுத்தேன். மிக்ஸியை எடுத்ததும் பதறிப் போனான்.

"வேண்டாங்கக்கா. கையிலதான் மசிப்பாரு. அங்கங்க கட்டி கட்டியா இருக்கோணும்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கீரை கடைகிற சட்டியையும் மத்தையும் எடுத்தேன். நாலு தேய்ப்புத் தேய்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இது கடைசல்தான். கத்திரிக்காயையும் தட்டைப்பயிறையும் நாம் கடைவதில்லையா, அதேதான். இதற்குப் போய் வாயில் நுழையாத பேர்! சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்தேன். தக்காளியில் விதையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிப் போட்டேன். கொத்தமல்லி தாராளமாகக் கிள்ளிப் போட்டேன். பழம் கறுத்துப் போகாமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிந்தேன்.

பழக்கதோஷம், கை தானாகவே தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்து எண்ணெயை ஊற்றிவிட்டது. கடுகு டப்பாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. துக்க வீட்டுச் சோற்றுக்குத் தாளிக்கக் கூடாது. சட்டென்று அடுப்பை அணைத்தேன்.

"இதுக்குத் தாளிக்கவே மாட்டாங்கக்கா" என்றான்.

"நல்லதாப் போச்சு போ" என்றேன். தொட்டுத் தின்ன, எண்ணெய் விடாமல் நாலு சப்பாத்தி சுட்டேன்.

சட்டியும் தட்டுமாக மாடிக்குக் கிளம்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா தூக்குப்போசியில் சோற்றோடு இறங்கினார். யாரென்று அவன் முகமே சொல்லிவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. அதனால் ஒதுங்கி வழி விட்டேன்.

"எங்கடா அவ?" என்று மட்டும் மகனைக் கேட்டார். அவன் மேலே கை காட்டினான். அந்த வயசிலும் விறுவிறுவென்று படியேறினார். நான் பின்னாலேயே போனேன். அவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, படுத்திருந்தவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "என்ற சாமி, உன்ற அப்பனை ஒரு நாளும் கண்ணுல பாக்காமப் போயிட்டனே! இப்பிடியொரு புள்ளையப் பெத்துக் குடுத்தாரே, அவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியே!" என்று ஓங்கி அழுதார். அந்தப் பெண் முதலில் மிரண்டாள். அப்புறம் உடைந்துவிட்டாள். அவள் பாஷையில் என்னென்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். அதில் 'பாப்பா' என்பது அப்பாவைத்தான் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. வாசற்படியில் சட்டியோடு நின்று நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் அந்தம்மா அவள் முகத்தை முந்தானையால் துடைத்தார். தூக்குப்போசியைத் திறக்கப் போனவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இதென்ன அம்மிணி, பச்சையா?"

"இந்தப் புள்ளையோட அப்பன் செய்யற கடைசலுங்க. அவங்க ஊருச் சாப்பாடு."

அந்தம்மா தூக்குப்போசியை நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார். சப்பாத்தியைப் பிய்த்து, கடைசலை அள்ளி, "ஆ காட்டு கண்ணு" என்றார். அவள் வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள்.

விரலில் ஒட்டியிருந்ததை அந்தம்மா தன் வாயில் வைத்துப் பார்த்தார். "ஏன் அம்மிணி, உப்பே போடலியா?"

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நாய் மாதிரி அலைந்து செய்திருக்கிறேன், வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறாரே! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க அத்தை. உப்பு இல்லீங்க."

இரண்டு நாளாகத் தலை தூக்காதவள், கட்டிலைப் பிடித்து எழுந்து, உப்பு எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.